கேத்தரினுக்குச் சொன்ன யோசனை

காணொளிக் கூட்டத்தில் பேசுகிறவர்கள் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. திரையின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள் தெரிகிற தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. முதல் கூட்டத்தில் என் முகம் இருட்டாக, நோயாளி போலத் தெரிந்தது. ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொல்லி என் மகள் பெங்களூரிலிருந்து யோசனை சொன்னாள். அதன் பிறகு நன்றாகவே தெரிந்தேன்.

நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லைதான். எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே.

நான் கோவிந்தம்மாள். வருவாய்த் துறையில் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து துணை வட்டாட்சியர் வரை வந்தவள். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலைக்குப் பின்பக்கம் வீடு. கணவர் தவறிவிட்டார். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. இத்தனை வருடத்தில் என் மேல் ஒரு விசாரணை வந்ததில்லை. ஒரு பாராட்டும் வந்ததில்லை. இரண்டும் சேர்ந்து வராமல் இருப்பது எங்கள் துறையில் அத்தனை சுலபம் இல்லை.

புதிதாக அரசு வேலைக்கு வருகிற பிள்ளைகள் திணறுகிறார்கள், பாதிப் பேர் வேறு பரீட்சை எழுதி ஓடிவிடுகிறார்கள் என்று மேலிடத்தில் யாருக்கோ கவலை வந்திருந்தது. மூத்தவர்கள் ஆளுக்குச் சில இளையவர்களைக் காணொளி வழியாக வழிநடத்த வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். மென்டார் என்று எங்களுக்குப் பெயர் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஒன்றிரண்டு கூட்டம் நடத்திவிட்டுக் கைகழுவிவிட்டார்கள். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எனக்கு வேறு வேலையும் இல்லை.

புத்தகத்தில் இல்லாததைச் சொல்லிக்கொடுத்தேன். துறைத் தேர்வுக்கு எதைப் படிப்பது, எதை விடுவது. மெமோ வந்தால் அன்றைக்கே பதில் எழுதாமல் ஒரு ராத்திரி ஆறப்போடுவது. புது அதிகாரி வந்தால் மாலையோடு முதல் ஆளாகப் போய் நிற்காமல், கூட்டம் கலைந்த பிறகு போய்ப் பேர் சொல்லிவிட்டு வருவது. யாரோடு பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயே தீர வேண்டும். தமிழ்ச்செல்வன் என்று ஒரு பையன், மொரப்பூரில் ரயில் ஏறிப் பயிற்சிக்குப் போகும்போதுகூடக் கூட்டத்தில் சேர்ந்துகொள்வான். சிக்னல் போய்ப் போய் வரும். இன்றைக்குச் சென்னையில் நல்ல இடத்தில் இருக்கிறான். தீபாவளிக்கு முதல் போன் எனக்குத்தான் வரும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கெடுத்தவர்கள் என்று பட்டியல் போட்டால் அதில் ஒரே பெயர்தான் இருக்கும்.

கேத்தரினை நீங்கள் போட்டோவில்தான் பார்த்திருப்பீர்கள். நேரில் இன்னும் சின்னவளாகத் தெரிவாள். கம்பைநல்லூர்ப் பக்கம் ஊர். அப்பா பெரியநாயகம் மஞ்சள் பயிரிடுகிறவர். அந்தக் குடும்பத்தில் சம்பள வேலைக்கு வந்த முதல் ஆள் இவள். கூட்டத்தில் மற்றவர்கள் பதவி உயர்வுக்கு என்ன வழி என்று கேட்பார்கள். இவள் முதல் நாளே, "இந்த வேலைய எப்படிங்க மேடம் ஒழுங்கா செய்யறது?" என்று கேட்டாள். இரண்டு மூன்று கட்டங்களில் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

அவளை, நீங்கள் விசாரிக்கிற அந்த ஏரி ஊருக்குக் கிராம நிர்வாக அலுவலராகப் போட்டபோது சந்தோஷமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். நான் முதன்முதலில் வேலை பார்த்த ஊர் அது. நல்ல ஊர், அமைதியான ஊர் என்று சொன்னேன். அமைதியாக இருப்பவர்களுக்கு அது அமைதியான ஊர்தான்.

அங்கே ஏரியில் நொரம்பு மண் எடுப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வீட்டுமனை மேடாக்கவும் ரோடு போடவும் கொட்டுகிற சரளை மண். விடிகிற நேரத்தில் டிப்பர் லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். வண்டிகள் மாதவராஜுடையவை. அதற்கு முன் அவருடைய அப்பா டிராக்டரில் எடுத்தார். கேத்தரின் போன சில வாரத்திலேயே ஒரு டிப்பரை மறித்துப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், நான் புடிச்சுக் குடுத்த வண்டி மறுபடியும் அதே ஏரியில நிக்குதுங்க. கழுவிக்கூட உடலீங்க, அதே சேறு."

அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். எனக்கு அதுதான் முதலில் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு தினமும் பேச ஆரம்பித்தாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள். ஒரு நாள் குள்ளம்மாளைப் பற்றிச் சொன்னாள். ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிற கிழவி. இவள் கையில் போனை வைத்துக்கொண்டு பள்ளத்தைப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கிழவி சொன்னாளாம்: "உனக்கு முன்ன ஒரு அம்மா இருந்துச்சு கண்ணு. அதுவும் ஒரு நாளு வந்துச்சு. அந்தப் புங்கமரத்தடியில வண்டிய நிறுத்திட்டு, தோண்டறத கொஞ்ச நேரம் பாத்துச்சு. அப்படியே திரும்பிப் போயிடுச்சு. நீயும் போயிடு."

யார் அந்த அம்மா என்று கேத்தரின் கேட்டிருக்கிறாள். கிழவி என் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

"பாவங்க மேடம், வயசாயிடுச்சு. வேற யாரையோ நெனச்சுக்கிட்டு உங்க பேர சொல்லுது அந்த ஆயா" என்று கேத்தரின் சிரித்தாள்.

"வேற யாராச்சும் இருக்கும்" என்றேன் நான்.

கிழவிக்கு ஞாபகம் பிசகவில்லை. புங்கமரத்தடியில் நின்றவள் நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை. தூரத்தில் டிராக்டர் பக்கத்திலிருந்து ஒருவர் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். அப்போது என் மகள் கைக்குழந்தை. நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வண்டியைத் திருப்பினேன். உண்மையாகவே நாளைக்கு வருவதாகத்தான் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேத்தரின் பேச அனுமதி கேட்டாள். எல்லோருக்கும் முன்னால் சொன்னாள்: "நான் வேலை பாக்கற ஊர்ல மேடத்தப் பத்தித் தப்பாப் பேசறாங்க. மேடம் இருந்த காலத்துல ஒரு கூடை மண்ணு வெளிய போயிருக்காதுன்னு நான் அவங்ககிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். இந்தத் தடவை வண்டி, ஆளு எல்லாத்தையும் படத்தோட புடிக்கப் போறேங்க. மேடம்கிட்ட படிச்சவ எப்படி இருப்பான்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். காணொளியில் கைதட்டல் முழுசாகக் கேட்காது, விட்டுவிட்டுத்தான் வரும். நான் கைகூப்பினேன். மூலையில் என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அவள் மேல் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. களைப்புதான் வந்தது. நாம் இருப்பதைவிடப் பெரிய ஆளாக நம்மை ஒருவர் நம்பிவிட்டால், அந்த ஆளைத் தினமும் சுமக்க வேண்டியது நாம்தான். அவர்களுக்குக் கனம் தெரியாது. தூங்கி எழுந்தாலும் களைப்பு போகவில்லை. அலுவலகத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியைப் படித்துக்கொண்டிருப்பேன். மதியம் போன் அடித்தால் கவிழ்த்து வைத்துவிடுவேன். எடுக்காமல் விட்டால் அவளே மறுபடி கூப்பிட்டு, "சாப்டீங்களா மேடம், உடம்பு சரியில்லையா?" என்பாள்.

மாதவராஜ் கூப்பிட்டது அந்தச் சமயத்தில்தான். மரியாதையான மனிதர். குரலை உயர்த்தமாட்டார்.

"மேடம், அந்தப் பொண்ணு உங்ககிட்ட படிக்குதாமே. நீங்க சொன்னா கேக்கும்னு சொல்றாங்க. நீங்க அதுக்கு ஒண்ணும் சொல்ல வேணாங்க. அது எப்ப ஏரிக்கு வருதுன்னு மட்டும் எனக்குச் சொல்லிட்டீங்கன்னா, அதுக்கு முன்னாடியே வண்டியெல்லாம் எடுத்துடறேன். யாருக்கும் சங்கடம் இல்ல பாருங்க."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. வண்டி இல்லாவிட்டால் சண்டை இல்லை. அவள் வெறும் ஏரியைப் படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு இடமாற்றம் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஏன் மேடம் என்று கேட்பாள். என்ன சொல்வது? நான் நின்ற இடத்தில் நீ நிற்காதே என்றா? நான் திரும்பிய இடத்தில் அவள் திரும்பாமல் போகிறாள் என்பதை எப்படிச் சொல்லி நிறுத்துவது? அவள் ஜெயித்துவிட்டால் அந்த ஊரில் எல்லோருக்கும் ஒன்று தெரிந்துபோகும், எனக்கும் தெரிந்துபோகும். அது முடிகிற காரியம்தான் என்று. கைக்குழந்தை, காலம், மேலிடம் என்று நான் வைத்திருந்த காரணம் எல்லாம் ஒரே காலையில் இல்லாமல் போய்விடும். இதை உங்களிடம் ஒரு சாக்காகச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவள் கூப்பிட்டாள். சனிக்கிழமை விடிகாலையில் போகப்போவதாகச் சொன்னாள். முந்தின நாளே போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிடப் போவதாகவும், கிராம உதவியாளர் முருகேஷைக் கூட அழைத்துப் போவதாகவும் சொன்னாள். முருகேஷ் அந்த ஊர்க்காரர், நல்ல மனிதர்தான்.

ஸ்டேஷனில் முன்கூட்டியே சொன்னால் விஷயம் வெளியே போய்விடும் என்றேன். முருகேஷ் நாளைக்கும் அதே ஊரில் குடியிருக்க வேண்டியவர், அவரை ஏன் இழுக்கிறாய் என்றேன். தனியாகப் போய்ப் படம் எடுத்து நேராக மேலே அனுப்பினால் பெயர் உனக்கு மட்டும் வரும், பணியில் முன்னேற அது முக்கியம் என்றேன். ஒவ்வொன்றும் சரியான யோசனைதான். வேறு எந்த விஷயத்துக்கும் வேறு யாருக்கும் இதையே சொல்லியிருப்பேன்.

"நீங்க சொன்னா சரிங்க மேடம்" என்றாள்.

இதை எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரும் இவ்வளவு லேசாகச் சொன்னதில்லை.

சனிக்கிழமை நன்றாக விடிந்து, பால்காரர் வந்து போன பிறகு போன் வந்தது. கேத்தரின் மேல் டிப்பர் மோதிவிட்டது என்றார்கள். ஸ்கூட்டியோடு பள்ளத்தில் கிடந்ததை முதலில் பார்த்தது குள்ளம்மாள்தானாம். விபத்து என்றுதான் முதலில் எழுதினீர்கள். அதில் தப்புச் சொல்ல மாட்டேன். பார்க்கிறவர்களுக்கு விபத்து போலத்தான் இருந்திருக்கும்.

அடக்கத்துக்குப் போனேன். மாதா கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை நடந்தேன். வெயில் ஏறிவிட்டது. பெரியநாயகம் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணு வூட்ல உங்களப் பத்தித்தாங்க பேசும். வேற பேச்சே கெடையாது. கெளம்பறப்ப அவங்க அம்மா, தனியா போவாத சாமின்னு வாசல மறிச்சுக்கிட்டு நின்னாங்க. மேடம் சொல்லியிருக்காங்கம்மா, அவங்களுக்குத் தெரியாததான்னுட்டுப் போச்சுங்க."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. தன் மகள் யாரை நம்பினாளோ அவருக்கு ஆறுதல் சொல்ல வந்திருந்தார். கையை விடவே இல்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூட்டம் நடத்தினேன். அஞ்சலிக் கூட்டம். அன்றைக்குத்தான் எல்லோரும் தங்கள் முகம் தெரியும்படி கேமராவைப் போட்டிருந்தார்கள். நான் அழுதேன். நடிக்கவில்லை, நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அழுது முடித்துப் படுத்தவள் மறுநாள் காலை வரை தூங்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம்.

மாதவராஜ் வற்புறுத்தினாரா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம் என்றால் உங்களுக்கும் வேலை சுலபம், எனக்கும் சுலபம். வயதான பெண், பயந்துவிட்டாள், வாய் தவறி நேரத்தைச் சொல்லிவிட்டாள். என் வக்கீலும் அப்படித்தான் சொல்லச் சொல்கிறார். என் மகளும் அதைத்தான் நம்புகிறாள். நானே இத்தனை நேரம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள்.

அந்த ஏரிக்கு ஊருக்குள் நுழைந்து தார் ரோட்டில் போகலாம். கேத்தரின் எப்போதும் அதில்தான் போவாள். விடிகாலையிலும் டீக்கடை திறந்திருக்கும், நாலு பேர் நடமாட்டம் இருக்கும். இன்னொன்று கரைமேல் போகிற தடம். ஒரு பக்கம் தோண்டின பள்ளம், மறுபக்கம் வேலிக்காத்தான் முள். எதிரில் வண்டி வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. ரோட்டில் போனால் பார்த்துவிடுவார்கள், கரைத் தடத்தில் போ என்று அவளுக்குச் சொன்னேன்.

அவள் போனை வைத்ததும் மாதவராஜைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை விடிகாலை என்றேன். "இது போதுங்க மேடம்" என்று அவர் வைக்கப் போனார். இருங்க என்றேன்.

அவர் கேட்டது நேரத்தை மட்டும்தான். வழியை நானாகத்தான் சொன்னேன்.