நாள் முழுக்கச் செல்லுற சீட்டு

இல்ல சார், இங்க இறங்காதீங்க. வெறும் குதிரைச் சிலை. மேல ஒரு ராஜா உக்காந்திருக்கான், தலை பூரா புறா எச்சம். அவ்வளவுதான். எப்படித் தெரியுமா? ஊர் சுத்திக் காட்டுற இதே பஸ்ல காலைலேர்ந்து மூணாவது சுத்து வர்றேன். ஒரு சீட்டு வாங்கினா நாள் முழுக்க எங்க வேணா ஏறலாம், எங்க வேணா இறங்கலாம். நான் ஏறினதோட சரி.

காதுல மாட்டக் குடுத்தானே, அதைக் கழட்டி வையுங்க. எந்த ராஜா யார் கழுத்தை வெட்டினான்னு ஒரு பொம்பளை தேன் ஒழுகச் சொல்லிட்டே வருவா.

தனியாத்தான் வந்தேன். ஊர் பாக்க இல்ல சார், என் தம்பியைப் பாக்க. மியூசியத்துக்கு எதுத்தாப்புல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, அங்க கிடக்கறான். கல்லீரல் போச்சு. இன்னிக்குப் பொழுது தாண்டாதுன்னுட்டாங்க. அவன் பொண்ணுதான் பெரியப்பா பெரியப்பான்னு போன்ல அழுதா. உங்களைப் பாக்காம அப்பா கண்ணை மூட மாட்டேங்குறாருன்னு.

பாருங்க, நீங்களும் அப்படியே முழிக்கறீங்க. முதல் சுத்துல டிரைவரும் ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தி, பெரியவரே, இறங்கணும்னீங்களேன்னான். நீ ஓட்டுப்பான்னுட்டேன்.

சொத்துத் தகராறா? சொத்து இருந்தாத்தானே தகராறு! செங்கல் சுமந்த குடும்பம் சார். அவனை வளத்தது என் பொண்டாட்டி. அவ கல்யாணமாகி வந்தப்ப இவனுக்கு மூக்கு ஒழுகுற வயசு. சிந்திவிட்டு, சோறு ஊட்டி, இடி இடிச்சா காதைப் பொத்தி... பேருக்குத்தான் அண்ணி. தலைநகர்ல வேலை கிடைச்சதும் துரை பெரிய மனுஷன் ஆயிட்டாரு.

அப்புறம் அவ படுத்த படுக்கையாயிட்டா. கடைசியா கேட்டது என்னை இல்ல, சின்னவன் வந்துட்டானான்னுதான். கடைக்கு ஓடிப்போய் இவனுக்குப் போன் போட்டேன். அண்ணே, மேலதிகாரி வீட்டு விருந்தாளிங்க வந்திருக்காங்க, ஊரைச் சுத்திக் காட்டிட்டிருக்கேன், முடிச்சுட்டு வர்றேன்னான். அவ கண்ணு வாசலைப் பாத்தபடியே நின்னுபோச்சு. நாந்தான் மூடிவிட்டேன்.

காலைல அந்தப் பொண்ணு, எங்க இருக்கீங்கன்னு கேட்டுச்சு. ஊரைச் சுத்திப் பாத்துட்டிருக்கேம்மா, முடிச்சுட்டு வர்றேன்னு உங்கப்பன்கிட்டச் சொல்லுன்னேன். சொல்லியிருப்பா. சொன்னா அவனுக்குப் புரியும்.

அந்தப் பொண்ணு பாவந்தான், ஒத்துக்கறேன். அது என்ன பண்ணும்? அதுக்கப்புறமும் விடாம போன் அடிச்சுது. நான் எடுக்கலை.

இதோ மியூசியம் வந்துருச்சு, நீங்க இறங்குங்க. ஆமா, எதுத்தாப்புல அந்தப் பச்சைக் கட்டடம்தான் ஆஸ்பத்திரி. பாக்காதீங்க சார், போங்க. நான் இப்படியே உக்காந்துக்கறேன்.

என்னன்னா, போன சுத்துலேர்ந்து போன் அடிக்கலை. சார்ஜ் இருக்கான்னு பாத்தேன். இருக்கு.