மிதித்த காலின் வாக்குமூலம்

மாலையைக் கண்டால் மிரளும் மாண்புமிகு தலைவர் ஆறுமுகநயினார் அவர்களே, தாராவியில் தமிழைத் தளரவிடாத பெரியோர்களே, தையல் பட்டறையைப் பூட்டிவிட்டுத் தாவி வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் டாக்டர் விஜயலக்ஷ்மி அவர்களே, சண்முகவடிவின் வணக்கம்.

இரட்டைப் பிள்ளை பெற்றவள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு இறங்கும் என்பார்கள் நம்மவர்கள். நான் இரண்டைப் பெற்றேன். என் காலுக்குக் கிராக்கி வந்தது. இந்தச் சந்தில் நான் மிதிக்காத முதுகு உண்டா? சிரிக்காதீர்கள் செல்லப்பாண்டி அண்ணாச்சி, உங்கள் முதுகும் என் கால் கண்டதுதான்.

என் பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா தையல் மெஷின் மிதித்துப் பிள்ளைகளைக் காப்பவள். எட்டு மாதமாக இடுப்புவலி. "யக்கா, படுத்தா கூடுது. உக்காந்தே தூங்குதேன். ஒரு மிதி மிதிச்சு விடுங்க" என்றாள். மிதித்தேன். மறுவாரமும் மிதித்தேன். மூன்றாம் முறை வந்தபோது வலது காலில் செருப்பில்லை.

"செருப்ப எங்கட்டீ விட்ட?"

"கால்லதானக்கா கெடக்கு."

குனிந்து பார்த்தேன், வெறுங்கால். கழன்றதே தெரியாதவள் முதுகில் இன்னுமா காலை வைப்பேன்? டாக்ஸியில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன்.

முழங்காலைத் தட்டினார், ஊசிமுனையால் பாதத்தைத் தொட்டார், எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். முதுகெலும்புக்குள், நரம்பின் உறையில், கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி.

"கேன்சர் மாதிரி தெரியலை, சாதாரணக் கட்டிதான். ஆனா நரம்பை நசுக்கறது. விட்டா கால் போயிடும்மா."

"எடுக்கும்போது போவாதா டாக்டர்?" என்றாள் நஜ்மு.

"அபாயம் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். மைக்ராஸ்கோப்பில பாத்து, நரம்பு வேலை செய்யறதான்னு சோதிச்சுண்டே எடுப்போம்."

துணி கிழியாமல் தையல் பிரிக்கிறோமே, தாய்மார்களே, அந்தப் பொறுமை. ஐந்து மணி நேரம் பிரித்தார்கள்.

நஜ்மு கண் விழித்ததும் டாக்டரம்மா, "கட்டைவிரலை ஆட்டும்மா" என்றார். ஆடவில்லை. மறுபடி சொன்னார். ஆடியது, ஐயா, ஆடியது. ஊரார் முதுகையெல்லாம் மிதித்த நான், அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். எடுத்த கட்டியைச் சோதித்ததிலும் கேன்சர் இல்லை என்றே வந்தது.

மிதித்தது என் மடமை. மன்னித்தது அவள் பெருமை. படுத்தால் கூடுகிற வலியா? மரத்துப் போகிற காலா? என்னிடம் வராதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள். இந்த மேடையிலேயே என் கால் ஓய்வு பெறுகிறது.

எனக்கென்று வைத்திருக்கும் பொன்னாடையை டாக்டரம்மாவுக்கு நஜ்மு போர்த்துவாள். மெதுவா வாட்டி, ஒண்ணும் அவசரமில்ல. அதோ பாருங்கள், படிக்குக் கீழே நின்று செருப்பைக் கழற்றுகிறாள். இடது காலில் ஒன்று. வலது காலில் ஒன்று. தெரிந்தே கழற்றுகிறாள், என் தங்கச்சி.

இதைக் காணக் கூடியிருக்கும் கண்களுக்கெல்லாம் நன்றி. உங்கள் கால்கள் நெடுநாள் நடக்கட்டும், வணக்கம்.