யாரு படிப்பு?

பாளையங்கோட்டை போகிற டவுன் பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். முன்சீட்டுக் குரல் எழுப்பிவிட்டது.

“எம்மவ ஒரு பாடத்துலயாவது பெயிலாகணும்னு பிள்ளையாருக்குத் தேங்கா நேந்திருந்தேன்ட்டி.”

சொன்னவளுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். மடியில் புதுப் பை. திசையன்விளையிலிருந்து வந்த நாத்தனாரை பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள் போல.

“கிறுக்கு பிடிச்சிருக்கா மைனி?”

“பின்ன என்ன? அவ காலேஜுக்குன்னுதான் இங்கன குடிவந்தோம். படிப்பு முடிஞ்ச மறுநாளே ஊருக்குன்னு ஒங்கண்ணன் ஒத்தக்கால்ல நிக்காரு. நம்மூர்ல இருட்டிட்டா தெருவுல நாய்தான் நடக்கும். இங்கன எங்க திரும்புனாலும் காலேஜு. சாயங்காலம் மணியடிச்சா ரோடு பூரா கல்யாண வீடு கணக்கா இருக்கு. போன வருசம் காலேஜு விழாவுல நானும் பிள்ளைகளோட ஆடிட்டேன்.”

“நீங்களா?”

“பின்ன, ஒங்கண்ணனா?”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“சரி, பிள்ள பெயிலாயிட்டாளா?”

“எங்க. எல்லாத்துலயும் பாஸு. சண்டாளி, நல்லாப் படிச்சித் தொலச்சிட்டா.”

“அப்ப வீட்டக் காலி பண்ணணும்லா?”

“எதுக்கு? படிப்பு முடிஞ்ச மறுநாளுன்னுதான ஒங்கண்ணன் சொன்னாரு. யாரு படிப்புன்னு சொல்லலயே.”

பெண்கள் கல்லூரி முன்னால் பஸ் நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“எனக்கு இன்னைக்கு எம்.ஏ. மொத கிளாஸுட்டி. நீ அடுத்த ஸ்டாப்புல இறங்கி வீட்டுக்குப் போ. ஒங்கண்ணன்கிட்ட நீயே பக்குவமா சொல்லிரு.”