மாமியார் வண்டியை அணைத்தது பற்றி

விபத்து நடந்த அன்று, ஓட்டுநர் தாமதமாக பிரேக் பிடித்தார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. தலைமைப் பொறியாளர் கொடுத்த அறிக்கையில் நான் அப்படிச் சொன்னதாக இருப்பதை இன்று காவல் ஆய்வாளர் படித்துக் காட்டியபோதுதான் முதன்முதலில் கேட்டேன். அன்று பிற்பகல் நான் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே, அடிபட்டவரின் ஒற்றை பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமைப் பொறியாளர் ஃபோன் செய்து என்ன நடந்தது என்று கேட்டார். “சார், ஆபரேஷன் நடக்குது, அப்புறம் பேசுறேன்” என்றேன். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது இருபத்தேழு. திருமணமாகவில்லை. அம்மாவுடன் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். நகரின் சுரங்கப் பாதையில் ஓடப்போகும் புதிய மின்சார ரயில்களைச் சோதிக்கும் குழுவில், பிரேக் பிரிவில், ஒப்பந்தப் பொறியாளராக இருக்கிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது தலைமைப் பொறியாளரின் கையில் இருக்கிறது. அது தெரிந்தே இதைச் சொல்கிறேன்.

இந்த வண்டி எப்படி நிற்கிறது என்று ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். ஓட்டுநர் பிரேக் பிடித்ததும், சக்கரத்தைச் சுற்றிய அதே மோட்டார் மின்சாரம் உண்டாக்கத் தொடங்கும். அந்த இழுப்பில் வேகம் குறையும். உண்டாகும் மின்சாரத்தை அதே கம்பியில் இணைந்திருக்கும் இன்னொரு வண்டி வாங்கிச் செலவழிக்க வேண்டும். வாங்க ஆளில்லை என்றால் மோட்டார் கைவிட்டுவிடும். உடனே சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் புதிய வண்டிகளில் அந்தக் கைமாற்றம் பிந்துகிறது. அதைச் சரிசெய்வதுதான் எங்கள் பிரிவின் வேலை. அது இன்னும் முடியவில்லை என்பது தலைமைப் பொறியாளர் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே வேகச் சோதனை நடக்கும்போதெல்லாம் பக்கத்துப் பாதையில் ஒரு பழைய வண்டியை, விளக்கு, விசிறி, ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு நிறுத்தி வைப்போம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார். எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், போதும் என்று சொல்லாது என்று அந்தப் பெயரை வைத்தவர், இந்த வழக்கில் கால் உடைந்திருக்கும் ஃபிட்டர். உயரத்தினால் அவரை ஒட்டகம் என்று கூப்பிடுவோம். “உனக்கு இன்னும் பொண்ணே அமையல, அதுக்குள்ள மாமியாரோட வம்பா?” என்று ஓட்டுநர் அவரைக் கேலி செய்வார். ஓட்டுநர், பல வருடம் பஸ் ஓட்டிவிட்டு ரயிலுக்கு வந்தவர். எங்கள் எல்லோருக்கும் பெரியக்கா. மாமியாரில் எல்லாம் எரியாமல் வேகமாக ஓட்டக் கூடாது என்பது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. கிளம்பும் முன் பெரியக்கா கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டுக் கேட்பார். பதில் வந்த பிறகுதான் கைப்பிடியைத் தொடுவார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

சம்பவத்தன்று காலை, வண்டிகளுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் பார்வையிட வருவதாகவும், மெதுவாக ஒரு முறை ஓட்டிக் காட்டினால் போதும் என்றும் சொல்லப்பட்டது. அதன் பிறகு தலைமைப் பொறியாளர் நடைமேடைக்கு வந்து, பக்கத்துப் பாதையைப் பார்த்து, “அந்த ஓட்டை டப்பா போட்டோல விழும். எடுத்து உள்ள போடுங்கப்பா” என்றார். ஒட்டகமும் இன்னொருவரும் மாமியாரை ஷெட்டுக்குக் கொண்டுபோய் அணைத்தார்கள். அப்போது பெரியக்காவும் நானும் பாதையின் மறுமுனையில், புதிய வண்டியின் ஓட்டுநர் அறையில் இருந்தோம். இது எங்களுக்கு அப்போது தெரியாது; ஒட்டகம் பிறகு சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

அதன் பிறகு விருந்தினர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர், மெதுவாகப் போவதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சிரித்திருக்கிறார். உடனே தலைமைப் பொறியாளர் கட்டுப்பாட்டு அறைக்குள் போய் ஃபோனை எடுத்து, முழு வேகத்தில் வரச் சொன்னார். ஸ்பீக்கரில் பேசியதால் எனக்கும் கேட்டது.

“சார், பழைய வண்டி ஆன்ல இருக்கா?” என்று பெரியக்கா கேட்டார். மாமியார் என்ற சொல்லை அவரிடம் பயன்படுத்த மாட்டார்.

“எல்லாம் ஆன்ல இருக்கும்மா. நீ கிளம்பு.”

“கண்ணால பாத்தீங்களா சார்?”

“பெரிய மனுஷங்க நிக்கறாங்க. இப்பதான் உனக்கு விசாரணையா? கிளம்பும்மா.”

அதன் பிறகுதான் பெரியக்கா வண்டியை எடுத்தார். தலைமைப் பொறியாளர் தெரிந்தே பொய் சொன்னாரா, காலையில் தானே சொன்னதை மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லப் போவதில்லை.

சோதனையின்போது என் வேலை, சுரங்கச் சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையைக் கடக்கும் கணத்தில் “இப்போ” என்று சொல்வது. பெரியக்கா என் குரலுக்குத்தான் பிரேக் பிடிப்பார். அன்றும் பலகையில் சொன்னேன். சொல் முடிவதற்குள் அவர் கை பின்னால் வந்துவிட்டது. முதலில் வேகம் குறைந்தது. அதன் பிறகு, மாடிப்படியில் இல்லாத ஒரு படியில் கால் வைத்தது போல இருந்தது. “பிடிக்கலக்கா” என்றேன். நான் சொல்வதற்கு முன்பே அவர் அவசர பிரேக்கை இழுத்திருந்தார். வண்டி நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

கோட்டுக்கு அப்பால் தண்டவாளத்தில், விருந்தினர்கள் இறங்கி வண்டியின் முகப்பைப் பார்க்க ஒரு மரப்படி போட்டிருந்தார்கள். அது ஆடாமல் ஒட்டகம் பிடித்துக்கொண்டிருந்தார். கோட்டைத் தாண்டி வண்டி வராது என்று நம்பித்தான் அவரை அங்கே நிற்க வைத்திருந்தார்கள்.

வண்டி நின்ற பிறகும் பெரியக்கா கைப்பிடியை விடவில்லை. “அக்கா, நின்னுடுச்சு, கையை எடுங்க” என்றேன். “எடுத்தா நகரும்டி” என்றார். நகராது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். விரல் விரலாக நான்தான் பிரித்தேன்.

அதன் பிறகு கீழே இறங்கி ஓடினோம். வண்டி இடித்து நொறுங்கிய படியின் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒட்டகத்தின் கால் இருந்தது. அவர் பெரியக்காவைப் பார்த்து, “அக்கா, மாமியாரைக் காலையிலேயே வீட்டை விட்டு அனுப்பியாச்சு. நான்தான் எடுத்துட்டுப் போனேன். மெதுவாத்தானே வருவீங்கன்னு சொல்லாம விட்டுட்டேன்” என்றார். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. பெரியக்கா பேசவில்லை. தன் சட்டைக் காலரில் கையை வைத்தபடி நின்றார். விருந்தினர்களை அதற்குள் வேறு வழியாக மேலே அழைத்துப் போயிருந்தார்கள்.

மறுநாள் தலைமைப் பொறியாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். “வண்டி மேல தப்புன்னு போச்சுன்னா மிச்ச வண்டி எதுவும் வராது. ஆயிரம் பேர் உழைப்பு. டிரைவர் தப்புன்னா ஒருத்தரோட போச்சு. புரியுதா?” என்றார்.

“அந்த ஒருத்தருக்கு ஜெயில் சார்” என்றேன்.

“நீ சின்னப் பொண்ணு” என்றார். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அன்று மாலை பெரியக்காவைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள் என்று ஒட்டகம் மருத்துவமனையிலிருந்து ஃபோன் செய்து சொன்னார்.

வண்டியின் பிரேக் பிரிவில் வேலை செய்யும் நானே வண்டியின் மேல் குறை சொல்வது ஏன் என்று ஆய்வாளர் கேட்டார். குறை இருப்பதால்தான் எங்களை வேலைக்கு வைத்தார்கள் என்றேன். கண்டுபிடித்த குறையோடு ஒரு வண்டியை முழு வேகத்தில் ஓட வைத்ததுதான் நடந்தது. ஓட்டியவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தார்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இது எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. ஓட்டுநர் ‘அலறினார்’ என்று ஓரிடத்தில் இருந்ததை ‘பேசவில்லை’ என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள், திருத்திய இடத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். மற்றபடி இது நான் பார்த்ததும் கேட்டதும்தான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

(கையொப்பம்)

அதன் பிறகு நடந்தது: ஒட்டகமும் இதையே சொன்னார். பெரியக்கா மீதான வழக்கு கைவிடப்பட்டது. மிச்ச வண்டிகள் வருவது தள்ளிப்போயிற்று. பிரேக் கைமாற்றத்தை வேறொரு குழு சரிசெய்தது. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பாதை மக்களுக்குத் திறக்கப்பட்டதும் நான் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறினேன். ஓட்டியவர் பெரியக்கா. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.