வலி இருக்கிறதா என்று கேட்பேன்

எங்கள் அறையின் மின்விசிறிதான், ஐயா, அந்தப் புற்றுநோய் மருத்துவமனையிலேயே நல்ல மின்விசிறி. சத்தமே போடாது. வெயிலில் வந்தவர்கள் அதன் கீழே உட்கார்ந்ததும் பாதி அழுகையை நிறுத்திவிடுவார்கள். மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

விளக்கம் சொல்வது என் வேலை. டாக்டருக்கு வாசல் வரை கூட்டம். நோயின் பெயரையும் செய்ய வேண்டியதையும் கடகடவென்று சொல்லி அனுப்பிவிடுவார். அவர்கள் திருதிருவென்று விழித்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது, முடி கொட்டினால் திரும்ப முளைக்குமா என்பதையெல்லாம் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையும் போனில் வந்ததையும் நம்பி யாரும் கெட்டுப்போகக் கூடாது என்றுதான் அந்த அறையையே திறந்தார்கள். டாக்டர்கள் சரிபார்த்த கையேடு எனக்கு மனப்பாடம்.

ஆரம்பத்தில் அதில் இருப்பதை அப்படியே சொன்னேன். ஓர் ஓவிய ஆசிரியை, ஒன்றுவிடாமல் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். அவருடைய மகன் என்னைப் பார்த்து, "நீங்கல்லாம் ஒரு மனுஷியா?" என்றான். ஆசிரியை சிகிச்சை எடுத்துப் பிழைத்துக்கொண்டார், திரும்பப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார் என்றார்கள். போகட்டும். அந்தப் பையன் கேட்டது மட்டும் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, வீட்டார் மட்டும் உள்ளே வந்து, "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிடாத நாளே கிடையாது. பெற்ற பிள்ளைகள் மறைத்தால் அதற்குப் பெயர் பாசம். அவர்கள் நோயாளியிடம் மறைத்தார்கள், நான் வீட்டாரிடமும் சேர்த்து மறைத்தேன். அவர்களுக்கும் மனசு இருக்கிறதே.

தையல்காரம்மாவைப் பற்றித்தானே கேட்டீர்கள். மார்பில் சின்னக் கட்டி. ஆரம்ப நிலை. உடனே அறுவை செய்து, மருந்தும் ஏற்றிக்கொண்டால் முழுதாகக் குணமாக நிறைய வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். வழக்கம்போல அவர் முதலில் தனியாக வந்து கும்பிட்டார். பிறகு அந்த அம்மாவே வந்து உட்கார்ந்தார். அவர் கேட்டது உயிரைப் பற்றி இல்லை. அறுவைக்குப் பிறகு கை வீங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கை வீங்கிட்டா நான் எப்படிங்க மிஷின் மிதிச்சு துணி தள்ளுவேன்? ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

சிலருக்கு வீங்கும், பயிற்சி செய்தால் கட்டுக்குள் இருக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

"உங்களோடது சாதுவான கட்டிம்மா. டாக்டருங்க அப்படித்தான் அவசரப்படுத்துவாங்க. இப்போதைக்கு ஆறப்போடலாம்."

அவர் சிரித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றார். அடுத்த வாரம் எங்கள் நாற்காலிக்குப் பூப்போட்ட மெத்தையுறை தைத்துக் கொண்டுவந்தார். அளவு கச்சிதம். அவ்வப்போது போன் செய்வார். வலி இருக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்பார். அப்படியானால் பயமில்லை என்பேன். இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது என்பது கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. அந்த அம்மா வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

மறுபடி வந்தபோது கணவர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. அந்த மெத்தையின்மேல்தான் இறக்கி வைத்தார். அந்த அம்மா உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்போதுகூட என்னைக் குறை சொல்லவில்லை. "இத்தனை நாள் உங்க புண்ணியத்துல நிம்மதியாத் தூங்கினேன்" என்றார். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கணவர்தான் என்னை வெளியே கூப்பிட்டு என் முன்னால் நின்றார். அழவில்லை.

"அன்னிக்கே ஆபரேஷன் பண்ணியிருந்தா அவ பொழைச்சிருப்பாளா? உண்மையைச் சொல்லுங்க. பொண்ணுங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

அப்போதும் வித்தியாசம் ஒன்றும் இருந்திருக்காது என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த மனுஷன் மனதும் உடைய வேண்டுமா? மழைக்காலம் முடிவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். மூத்த பெண்தான் டாக்டரிடமே நேராகப் போய் இதைக் கேட்டிருக்கிறாள். அதனால்தான் நான் இங்கே விசாரணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் ஒருவர் மட்டும்தானா என்கிறீர்கள். இல்லை. தொண்டையில் கட்டியோடு வந்த ஒரு சமையல்காரர், கர்ப்பப்பை வாயில் புண்ணோடு வந்த ஒரு துணிக்கடைப் பெண், இன்னும் பலர். பிழைக்கக்கூடியவர்களிடம்தான் அப்படிச் சொன்னேன். முற்றிப்போனவர்களை வீட்டார் ஏற்கெனவே தேற்றியிருப்பார்கள், அங்கே எனக்கு வேலையில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் என் அறையை விட்டுப் போனார்கள். யாரையும் நான் கையால் தொட்டதில்லை. ஆனால் கொன்றேனா என்று கேட்டால், ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். வார்த்தைக்காக நான் சண்டை போட மாட்டேன்.

என் தலையில் இருக்கும் இந்தத் துணியைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. மரியாதைக்காக இருக்கலாம். நானே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் குளிக்கும்போது என் மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலியே இல்லை. மறுநாள் காலையில் டாக்டர் முன்னால் போய் நின்று, "ஒண்ணையும் மறைக்காதீங்க டாக்டர், எல்லாத்தையும் சொல்லுங்க" என்றேன். அந்த வாரமே அறுவை செய்துகொண்டேன். மருந்து ஏற்றியதில் முடி கொட்டிவிட்டது. கை கொஞ்சம் வீங்கியது, பயிற்சி செய்கிறேன், குறைந்துவிட்டது. எனக்குக் குணமாகிவிடும் என்கிறார்கள்.

உண்மையைத் தாங்குகிற மனசு எனக்கு இருந்தது. பாவம், அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.