இரைச்சலில் சொன்னது

ஹேரான்: மெதுவாப் போம்மா, பனி வழுக்குது. ஆயிரம் நாளா ஜெபம் முடிஞ்சு இறங்கற மேடுதானே, இன்னிக்கு என்ன ஓட்டம்?

ஓக்புன்: திரும்பிப் பாக்காத. போதகர் பின்னாலயே வந்துடுவார்.

ஹேரான்: பாவம், அவர் என்ன கேட்டுட்டார்? ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து, ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார்னு சாட்சி சொல்லுங்கன்னார். அஞ்சு நிமிஷம்.

ஓக்புன்: மாட்டேன்.

ஹேரான்: அரிசிப் பலகாரத்துக்குக்கூடச் சொல்லியாச்சாம்...

ஓக்புன்: தின்னுட்டுப் போகட்டும். சாட்சி கிடையாது.

ஹேரான்: மூணு வருஷமா கட்டையாக் கிடந்த அப்பா போன வாரம் வாய் திறந்திருக்கார்! நீ காய்ச்சலோடகூட அதிகாலை ஜெபத்துக்குப் போனவ. ஊரே பேசுதும்மா.

ஓக்புன்: பேசட்டும்.

ஹேரான்: வெக்கமா? குன்சான் மீன் சந்தையில மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கத்தறவளுக்கு?

ஓக்புன்: அது வேற... சபையில விளக்கை அணைச்சதும் நாம எப்படி ஜெபிக்கிறோம், சொல்லு.

ஹேரான்: எப்படின்னா? எல்லாரும் ஒண்ணா, வாய்விட்டு. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குக் கேக்காது.

ஓக்புன்: அதான். அந்த இரைச்சலுக்காகத்தான் போனேன். வீட்டுல சொன்னா உங்கப்பா காதுல விழும்.

ஹேரான்: விழுந்தா என்ன?

ஓக்புன்: ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாயை மூடிட்டு என்னையே பாப்பாங்க. அப்ப அதை எப்படிடி சொல்லுவேன்?

ஹேரான்: எதை?

ஓக்புன்: வா, நட. குளிருது.

ஹேரான்: அம்மா, நில்லு. எதை?

ஓக்புன்: "இவரைக் கூட்டிட்டுப் போயிடும் ஆண்டவரே"ன்னுதான் கேட்டேன். முதல் நாள்லேர்ந்து.

ஹேரான்: ஆயிரம் நாளுமா?

ஓக்புன்: ஒரு நாள் மாத்திக் கேக்கல. புரட்டிப் போடறப்ப முதுகுப் புண்ணு துணியோட ஒட்டிட்டு வரும். கண்ணுல தண்ணி வழியும், சத்தம் வராது. அதைப் பாத்துட்டு, இன்னும் இருக்கட்டும்னு எந்த வாயால கேப்பேன்?

ஹேரான்: அழாதம்மா...

ஓக்புன்: அவர் பேசினதுலேர்ந்து அதைக் கேக்கவும் வாய் வரல. மத்தவங்க கத்தக் கத்த சும்மா உக்காந்திருந்தேன். நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட என் பேரைச் சொன்னவர் இல்ல அந்த மனுஷன். போன வாரம் "ஓக்புன்"னு கூப்பிட்டாராமே... நான் அங்க உக்காந்து அவர் சாவைக் கேட்டுட்டிருந்த அதே நேரத்துல! பாவிடி நான்.

ஹேரான்: அம்மா...

ஓக்புன்: நீயாவது பக்கத்துல இருந்தியே. உன் காதால கேட்டியே.

ஹேரான்: அவர் உன் பேரைச் சொல்லலம்மா.

ஓக்புன்: என்னது?

ஹேரான்: நான்தான் மாத்திச் சொன்னேன். "போதும்... என்னைப் போக விடுங்க"ன்னார். அப்பா பிழைக்கணும்னு நம்ம வீட்டுல கேட்டுட்டிருந்தது நான் ஒருத்திதான்மா.