இரண்டு தரம் செத்தவர்

1. கிண்ணியா பஸ்ஸில் தாதி மாணவிகள் இருவர் ஏறினார்கள்.
2. ஒருத்தி தோழியிடம், "நேற்று இரண்டு தரமும் அவரைச் சாகவிட்டிட்டன்," என்றாள்.
3. முன் இருக்கை அம்மா சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் "இன்னா லில்லாஹி"யைச் சொல்லித் திரும்பிப் பார்த்தார்.

"ஆரு மௌத்தானது புள்ள?"

"ஒருத்தரும் இல்லை உம்மா. நாங்க பழக கம்ப்யூட்டருக்குள்ள ஒரு இதய நோயாளி. பிறசர் விழேக்க மருந்து பிந்தினால் செத்திடுவார். இண்டைக்கும் செத்திருந்தால் என்னை வார்டுக்கு விடமாட்டினம்."

"இண்டைக்கு?"

"பிழைச்சிட்டார்!"

"அல்ஹம்துலில்லாஹ்." பையிலிருந்து இனிப்புத் தொதல் எடுத்து நீட்டினார். "அவருக்கும் ஒரு துண்டு கொண்டு போ."

"அவருக்கு வாயே இல்லை உம்மா. இதயமும் இரத்தக் குழாயும்தான்."

"அப்ப அவர்ட பங்கையும் நீயே தின்னு."

தோழி அதற்குள் அந்தப் பங்கைத் தின்றுவிட்டாள். நோயாளி உயிரோடு இருக்கிறார். திங்கட்கிழமை அவரைப் பிழைக்கவைத்தவள் வார்டுக்குப் போகிறாள்.